வயிற்றில் ஒரு பட்டை, பந்திங்கில் ஒரு சம்பந்தம்

என் இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு பட்டை கட்டியிருக்கிறது. சிலிக்கோனால் செய்த பட்டை. இடுப்பு பெல்ட்டைப் போல இறுக்கலாம், தளர்த்தலாம். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து வயிற்றுத் தோலுக்கு அடியில் இருக்கும் சின்ன வில்லை ஒன்றில் முடிகிறது. டாக்டர் அந்த வில்லையில் ஊசியைக் குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினால் பட்டை இறுகும், எடுத்தால் தளரும். இதை இன்று யார் கேட்டாலும் சொல்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்வதாக என் கணவர் கிண்டல் செய்கிறார். ஆனால் ஆப்பரேஷன் முடிந்து சில மாதங்கள் வரை இந்த விஷயம் எனக்கும் என் கணவருக்கும் எங்கள் ஒரே மகளுக்கும் மட்டும்தான் தெரியும். அப்படி மூடி மறைத்ததில் மகளின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

நான் குண்டு. மற்றவர்கள் சொல்வதற்குள் நானே முந்திக்கொள்வது என் வழக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்க்கிறேன். வீடு கிள்ளானில். காலையில் கொமுட்டர் ரயிலில் ஏறினால் ஆட்கள் எனக்கு வழி விடுவார்கள். அது மரியாதையால் இல்லை என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஐம்பதைத் தொட்ட வயதில் முழங்கால்கள் இரண்டும் மக்கர் செய்ய ஆரம்பித்தன. சர்க்கரை ஏறியது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. மனைவியின் குறட்டை நின்றால் மற்ற கணவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். என் கணவரோ பயந்து எழுந்து என் தோளை உலுக்குவார்.

பட்டினி கிடந்து பார்த்தாகிவிட்டது. ஓட்ஸ் கஞ்சி, வெள்ளரிக்காய், பூங்காவில் நடை, யாரோ விற்ற மூலிகைப் பொடி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இளைத்து, அடுத்த தீபாவளிக்குள் வட்டியும் முதலுமாகத் திரும்ப ஏறினேன். கடைசியில் டாக்டர்தான் இந்தப் பட்டையைப் பற்றிச் சொன்னார். இது மந்திரம் இல்லை, சாப்பாட்டை நீங்கள்தான் குறைக்க வேண்டும், பட்டை உதவிக்கு நிற்கும் என்றார். எனக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது. அதுவரை எனக்கு உதவிக்கு நின்றவர்களைவிட அறிவுரைக்கு நின்றவர்கள்தான் அதிகம்.

இதில் ரகசியம் எதற்கு என்று கேட்கலாம். அப்போதுதான் மகளுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கியிருந்தோம். மகள் கல்யாண வயதில் நிற்கும்போது அம்மாவுக்கு அழகு கேட்கிறதா என்று என் சொந்தக்காரர்கள் பேசுவது அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே என் காதில் விழுந்தது. வாயைக் கட்ட முடியாதவள் வயிற்றைக் கட்டிக்கொண்டாள் என்றும் சொல்வார்கள். அதைச் சொல்லக்கூடிய நாத்தனார் எனக்கு உண்டு. அதனால் பித்தப்பையில் கல், அதை எடுக்கப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கல்லுக்கு மட்டும் யாரும் குறை சொல்வதில்லை. பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். அந்தப் பழத்தில் ஒன்றைக்கூட என்னால் கடிக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஆப்பரேஷன் என்றால் வயிற்றைக் கிழிப்பார்கள் என்று பயந்திருந்தேன். சின்னச் சின்னத் துளைகள்தான் போட்டிருந்தார்கள். வயிற்றைவிட வலது தோள்தான் வலித்தது. உள்ளே அடைத்த காற்று அப்படித்தான் வெளியேறும், நடங்கள் என்றார்கள். நடந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு முதலில் தண்ணீராக ஓடுவதுதான் சாப்பாடு. வடிகட்டிய ரசம், வடிகட்டிய கோழி சூப், கூழோ கஞ்சியோ கிடையாது. அப்புறம் அரைத்தது. என் கணவர் ஆர்வக் கோளாறில் இட்லியையும் சாம்பாரையும் ஒன்றாக பிளெண்டரில் போட்டு அடித்துக் கொடுத்தார். நிறம் சுவரில் பூசும் மஞ்சள் சுண்ணாம்பு. சுவையைப் பற்றி நான் பேசவில்லை, அவர் மனம் நோகும். அதற்கும் பிறகுதான் மென்மையான சாப்பாடு, அதுவும் ஒரு சின்னக் கிண்ணத்தில் பாதி.

மருத்துவமனையில் எனக்குச் சாப்பிடச் சொல்லிக் கொடுத்தது ஒரு மலாய்ப் பெண். டயட்டீஷியன். என் மகள் வயதுதான் இருக்கும். சின்னக் கரண்டியால் சாப்பிடுங்கள், கூழாகும் வரை மெல்லுங்கள், விழுங்கிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள், மூக்கில் நீர் வந்தாலோ விக்கல் வந்தாலோ உடனே நிறுத்துங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "பெலான் பெலான், ஆன்டி" என்பதை எத்தனை தடவை சொன்னாளோ. மெதுவாக, மெதுவாக என்று மலாயில் சொல்வது. ஐம்பது வயதில் சாப்பிடக் கற்றுக்கொள்வதை நினைத்து எனக்கு ஆத்திரமாக வந்தது.

கற்றுக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. நம் சாப்பாடு மெல்லுவதற்கு உண்டானதே இல்லை. பிசைந்து, உருட்டி, உள்ளே தள்ளுவதற்கு உண்டானது. சோற்றை யாராவது மெல்லுவார்களா? நான் பிறந்ததிலிருந்து மென்றதில்லை. பட்டை போட்ட வயிற்றுக்கு அந்தச் சோறுதான் முதல் எதிரி. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி வாசலை அடைத்துக்கொள்ளும். ரொட்டியும் அப்படித்தான். நார் நாராக இருக்கும் கோழிக்கறி இன்னும் மோசம்.

அடைப்பது என்றால் என்ன என்பதைப் பிரிக்பீல்ட்ஸில்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் அலுவலகத் தோழி ஒருத்தி மதியச் சாப்பாட்டுக்கு வாழை இலைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்தக் கடைகளில் வேண்டாம் என்று சொல்வதற்குள் இலையில் சோறு மலையாகிவிடும். அண்ணே, கொஞ்சம் என்றேன். கொஞ்சம்தான் அக்கா என்று இன்னொரு கரண்டி போட்டார். ரசத்தை விட்டுப் பிசைந்து ஒரு வாய் எடுத்தேன். நல்ல ரசம். அந்த ருசியில் மெல்வதை மறந்து, பழைய பழக்கத்தில் விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்கு நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல இருந்தது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறிக்கொண்டே வந்தது. கை கழுவும் இடத்தில் போய்க் குனிந்து நின்றேன். அது வெளியே வந்து விழுந்ததும் அடுத்த நொடியே ஒன்றும் நடக்காதது போல ஆகிவிட்டேன். தோழியிடம் கல் எடுத்த இடத்தில் பிடித்துக்கொண்டது என்று சொன்னேன்.

அடைக்காமல் இறங்கும் வில்லங்கங்களும் இருந்தன. தே தாரிக், அதுதான் இனிப்பாக ஆற்றித் தரும் பால் தேநீர், எந்தத் தடையும் இல்லாமல் சர்ரென்று போகும். ஐஸ்கிரீமும் போகும். பட்டைக்குத் தண்ணீராக ஓடுவதைப் பிடிக்கத் தெரியாது என்று கண்டுபிடித்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. எடை அப்படியே நின்றபோது டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார், என்ன குடிக்கிறீர்கள் என்று. தே தாரிக் அன்றோடு போனது. அதற்காக நான் இன்றும் துக்கம் காக்கிறேன்.

ஆனாலும் எனக்குக் கிடைத்தவை பெரியவை. பசி என்று ஒன்று எப்போதும் என் பின்னால் நின்று முதுகைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். அது போய்விட்டது. சமையலறையில் தனியாக நிற்கும்போது அலமாரியைத் திறக்காமல் நிற்க முடிந்தது. ரயில் நிலையப் படியில் பாதியில் நின்று கைபேசியைப் பார்ப்பது போல நடிக்க வேண்டியதில்லை. ஒரு நாள் காலை கண் விழித்தபோது என் கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். என்னை உலுக்காமல் முழு இரவும் தூங்கியிருந்தார். படுக்கையில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் பந்திங் ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது.

மகளோடு பல்கலைக்கழகத்தில் படித்த பையன். இருவரும் விரும்பினார்கள், எங்களுக்கும் பையனைப் பிடித்துப்போனது. அவன் அப்பாவுக்குப் பந்திங் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் கொஞ்சம். அம்மா கல்யாணத்துக்கு முன்பு எஸ்டேட்டில் வேலை செய்தவர், இப்போது வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். அவர்கள் முதலில் கிள்ளானுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தேநீர் குடித்தார்கள், முறுக்கு சாப்பிட்டார்கள், சாப்பாட்டுக்கு மட்டும் உட்காரவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. சம்பந்தம் பேசுகிற இடத்தில் மனம் ஒத்துப்போகும் வரை கை நனைப்பதில்லை என்பது எங்கள் இரண்டு குடும்பங்களிலும் உள்ள வழக்கம். இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிறகு அவர்கள் வீட்டிலிருந்து தகவல் வந்தது, இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட வாருங்கள் என்று. வேறு வார்த்தையே தேவையில்லை. மகள் அந்த வாரம் முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் எனக்கு முதல் முறையாகப் பட்டையை இறுக்கியிருந்தார்கள். இறுக்கிய புதிதில் ஜாக்கிரதை, மனம் பதறினாலும் அது இன்னும் இறுகினாற்போல இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேதியைத் தள்ளிப் போடலாமா என்று என் கணவர் கேட்டார். நல்ல நாள் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், எதைச் சொல்லித் தள்ளிப் போடுவது? மகள் காரில் என் காதோடு சொன்னாள்.

"அம்மா, அவங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடு லா. ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

முதல் நாளே நம் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்ற வேண்டுமா என்றேன். இரண்டு வாய் ரசம் சோறு, நன்றாக மசித்து, மெதுவாக. என்னால் முடியும் என்று நினைத்தேன்.

அந்த அம்மா எங்களுக்காக விடியற்காலையில் எழுந்து சமைத்திருந்தார். கம்பத்துக் கோழி, நண்டு, இறால் சம்பல், வாழைக்காய் வறுவல், முருங்கைக்கீரை, இரண்டு வகைக் குழம்பு. மேசையில் நீள வாழை இலை. என் பக்கத்திலேயே நின்று அவரே பரிமாறினார். நான் ரசத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கோழியை எடுத்து இலையில் வைத்தார்.

"மொதல்ல இத சாப்புடுங்க. நம்ம வீட்டுல வளத்ததுதான், காலையிலதான் அடிச்சோம்."

கம்பத்துக் கோழி என்றால் நாட்டுக்கோழி, அதைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ருசிக்கு ஈடு கிடையாது, ஆனால் ஒவ்வொரு நாராகப் பிரித்து மெல்ல வேண்டும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எப்படி இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் நிற்கிறார். ஒரு சின்னத் துண்டை வாயில் போட்டு மென்றேன். இன்னும் மென்றேன். சம்பந்தி ஆகப் போகிறவர் முன்னால் எத்தனை நேரம் மாடு மாதிரி அசை போடுவது? விழுங்கினேன். நல்லா இருக்கு என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடைத்துவிட்டது.

என் முகம் மாறியதைப் பார்த்து, விக்கிக்கொண்டது என்று நினைத்து, அவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வாங்காமல் எப்படி இருப்பது? ஒரு மடக்கு குடித்தேன். அடைத்த வாசலில் தண்ணீரையும் ஊற்றினால் எங்கே போகும்? எழுந்து ஓடினேன். குளியலறைக் கதவைச் சாத்தி, சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு நின்றேன். சீக்கிரத்தில் வரவில்லை. வந்த பிறகும் நெஞ்சு எரிந்தது. திரும்பி வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது அதற்கு மேல் ஒரு பருக்கைகூட இறங்காது என்று தெரிந்துபோனது. உடம்பு சரியில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, நிறைந்திருந்த இலையை அப்படியே உள்பக்கமாக மடித்தேன்.

"பரவால்ல" என்றார் அந்த அம்மா. அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

விருந்துக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவது எங்களிடையே கிடையாது. ஒரு தூக்குச்சட்டியில் குழம்பாவது, ஒரு பையில் நாலு வாழைக்காயாவது காரில் ஏறும். அன்று எதுவும் ஏறவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பேசிப் பார்த்தேன். சரிம்மா, சரிம்மா என்றாள்.

தேதி குறிக்கக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தோம். கூப்பிடவில்லை. என் கணவர் அழைத்தபோது பையனின் அப்பா மழையைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டார். பையனிடமிருந்து மகளுக்கு வரும் அழைப்புகளும் சுருங்கின. கடைசியில் ஒரு மாலை வேலை முடிந்து வந்த மகள், கைப்பையைக்கூடக் கழற்றாமல் என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அவங்க அம்மா கேக்குறாங்களாம்மா. நாங்க சமைச்சத வாயில வச்சுட்டு உள்ள போய்த் துப்பிட்டு வந்தாங்களே, எங்க வீட்டுச் சோறு அவங்களுக்கு ஆகாதான்னு. அப்படி நெனைக்கிறவங்க வீட்டுல பொண்ணு எடுக்க வேணாம்னு சொல்லிட்டாங்களாம்."

ஆகாதா என்பதற்கு என்ன பொருள் என்று எனக்கு விளங்கியது. எஸ்டேட் காலத்தில் யார் வீட்டில் யார் சாப்பிடலாம், யார் குவளையில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்றெல்லாம் ஒரு கேவலமான கணக்கு இருந்தது. இப்போது இல்லை என்று மேடையில் சொல்லிக்கொள்கிறோம். கல்யாணப் பேச்சு வந்தால் அது எந்தப் பொந்திலிருந்தாவது தலையை நீட்டும். அவர்கள் என்ன சாதி என்று நான் கேட்டதுகூட இல்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னைப் பார்த்தா அப்படி ஒரு சொல் என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகு அந்த அம்மாவின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். விடியற்காலையில் எழுந்து சமைத்துப் போட்டதை ஒருத்தி துப்பிவிட்டு, மிச்சத்தை மூடி வைத்துவிட்டுப் போனால் நானும் அப்படித்தான் நினைப்பேன். அவரைவிட ஒருபடி மேலே போய் நாலு வார்த்தை திட்டியும் இருப்பேன்.

நான் சொல்லிவிடவா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். போனில் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். குண்டு, வெட்கம், நாத்தனாரின் வாய் எல்லாம் அந்த நிமிடம் எனக்குத் தூசாகத் தெரிந்தது. என் மகளின் வாழ்க்கை என் வயிற்றில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, அதை நான்தான் போய் எடுக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் என் கணவர் காரை எடுத்தார். சாப்பாட்டு நேரம் தாண்டியே போனோம், மறுபடியும் இலை போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில். கண்டெய்னர் லாரிகளுக்கு இடையில் ஊர்ந்து, செம்பனை மரங்கள் தொடங்கும் இடத்துக்கு வந்தோம். நான் உள்ளே வரவா என்று அவர் கேட்டார். வேண்டாம், நீங்கள் அவரோடு வாசலில் பேசிக்கொண்டிருங்கள் என்றேன்.

அந்த அம்மா கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். வாங்க என்றார். உட்காரச் சொன்னார். பிறகு நின்றபடியே கேட்டார்.

"தண்ணி குடிப்பீங்களா?"

அந்தக் கேள்வியில் இருந்த முள் எனக்குக் குத்தாமல் இல்லை. குடிப்பேன் என்றேன். கொண்டுவந்து கொடுத்த தண்ணீரை, என்னால் முடிகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக, அவர் கண் முன்னால் குடித்து முடித்தேன். அக்கா, உங்களிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லி அவர் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. பித்தப்பைக் கல் பொய் என்றும் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முகத்தில் நம்பிக்கை இல்லை. வயிற்றில் பெல்ட்டா, இப்படி ஒரு கதையா என்றுதான் இருந்தது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. சேலை முந்தானையை ஒதுக்கி, அவர் கையைப் பிடித்து, தொப்புளுக்கு மேலே இடது பக்கத்தில் வைத்தேன்.

"தொட்டுப் பாருங்கக்கா. இங்கதான் ஊசி போடுவாங்க."

தோலுக்கு அடியில் அந்த வில்லை கெட்டியாக இருக்கும், ஒரு நாணயம் அளவுக்கு. அவர் விரல் பட்டதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அப்புறம் அவராகவே மறுபடியும் கையை வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கொழாயத் தொறந்து விட்டீங்களே, நீங்க உள்ள அழுவுறீங்கன்னு நெனச்சேன். இந்த எடத்துல போய்ப் பொண்ணக் குடுக்குறோமேன்னு அழுவுறீங்கன்னு. எங்கம்மாவுக்கு கிராணி வூட்டுல தனிக் குவள வச்சிருந்தாங்க. அது எங்கூட போவட்டும், எம் புள்ளைக்கு வேணாம்னுதான் நான் வேணாம்னேன்."

கிராணி என்பது எஸ்டேட் குமாஸ்தா. நானும் குமாஸ்தாதான் என்பது அந்த நேரத்தில் என் நெஞ்சில் உறைத்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர்தான் முதலில் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பினார். என்னவெல்லாம் இறங்கும் என்று கேட்டார். மென்மையாக இருந்தால் இறங்கும், மீன் இறங்கும் என்றேன். மதியம் வைத்த கெம்போங் மீன் குழம்பு இருந்தது, அயிலை மாதிரி மீன். ஒரு மீனை எடுத்து, முள்ளை ஒவ்வொன்றாக நீக்கி, சதையை விரலால் உதிர்த்து, குழம்பை ஊற்றிக் குழைத்து, ஒரு சின்னத் தட்டில் வைத்துக் கொடுத்தார். சோறு வைக்கவில்லை. நான் சொல்லாமலே வைக்கவில்லை.

கரண்டி எடுக்கப் போனவரை வேண்டாம் என்று நிறுத்தினேன். கையால் சாப்பிட்டேன். ஒரு துளி எடுத்து, கூழாகும் வரை மென்று, விழுங்கி, பொறுத்திருந்து, அது உள்ளே போவது தெரிந்த பிறகு அடுத்த துளி. புளியும் மிளகாயும் சேர்ந்த அந்தக் குழம்பின் ருசியை நான் அவசரமில்லாமல் முழுவதும் அனுபவித்தேன். பழைய நானாக இருந்திருந்தால் நாலே வாயில் அந்த மீனை முடித்துவிட்டு அடுத்ததைப் பார்த்திருப்பேன். அவர் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் இந்த முறை அந்தப் பார்வை என்னை அவசரப்படுத்தவில்லை. என்னைச் சாப்பிட விட்டுவிட்டு அவருடைய வீட்டு ஆடு குட்டி போட்டதைப் பற்றிப் பேசினார். அவருக்கு முழங்கால் வலிப்பதைப் பற்றிப் பேசினார். வாசலில் ஆண்கள் இருவரும் பேச்சு தீர்ந்துபோய் இருமிக்கொண்டிருந்தது கேட்டது. தட்டு காலியாகக் கிட்டத்தட்ட ஒரு நாடகம் பார்க்கிற நேரம் ஆனது. ஒரு இடத்திலும் அடைக்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்தபோது என் கைபேசி அடித்துக்கொண்டிருந்தது. மகள். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அழைத்திருக்கிறாள். ஈரக் கையோடு எடுத்து, அம்மா பேசுறேன் என்று சொல்வதற்குள் அந்த அம்மா என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏம்மா, ஒங்கம்மாவுக்கு என்னென்ன ஆவும்னு எனக்கு வெவரமா சொல்லு. கல்யாணத்தன்னிக்கு அவங்களுக்கு மட்டும் நான் தனியா சமைக்கணும்."

அவர் இரண்டு முறை ஹலோ என்றார், கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், மறுபடியும் வைத்துக்கொண்டார். பிறகு கைபேசியை என்னிடம் நீட்டி, அழுவுறா, நீங்களே பேசுங்க என்றார். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டேன். அவர் அதற்குள் மிச்சமிருந்த மீன் குழம்பைத் தூக்குச்சட்டியில் ஊற்றி மூடத் தொடங்கியிருந்தார்.